கோலா தெர்லாவில் நாலு பாத்தி

கோலாலம்பூரிலிருந்து வந்த பஸ்ஸைவிட்டுக் கம்போங் ராஜாவில் இறங்கியபோது என் காலைச் சாப்பாடு முழுவதும் ஒரு பிளாஸ்டிக் பையில் இருந்தது. கொடைக்கானல் மலையில் ஏறி இறங்கியே வளர்ந்தவன், மலைப்பாதை என்னை என்ன செய்துவிடும் என்று மகளிடம் பீற்றிக்கொண்டு கிளம்பியிருந்தேன். அந்த வளைவுகளில் ஓட்டுநர் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு கையால் வேர்க்கடலை தின்றார். பக்கத்து இருக்கையில் இருந்த சீன அம்மாள் உப்பில் ஊறிய புளிப்புப் பழம் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்து, வாயில் போட்டுக்கொள் என்று சைகை காட்டினார். முன்பின் தெரியாதவர் எதிரே வாந்தியும் எடுத்துவிட்டு, அவர் கொடுத்ததைச் சப்பிக்கொண்டு மீதி வழியைக் கழித்தேன்.

ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒன்றரை ஏக்கர் நிலம் இருக்கிறது. அறிவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றபின் ரசாயனம் இல்லாமல் காய்கறி போடுகிறேன் என்று இறங்கி, மூன்று போகமும் புழுவுக்கே விருந்து வைத்தேன். மகள் கோலாலம்பூரில் வேலை பார்க்கிறாள். அவளைப் பார்க்கப் போன இடத்தில், "மலையில ஒரு அக்கா எட்டு நாள் பட்டறை நடத்துறாங்கப்பா, தமிழ்க்காரங்கதான், கையால வேலை செஞ்சே கத்துக்கலாம்" என்று என்னைச் சேர்த்துவிட்டாள். அவளுடைய சமையலறையை நான் தினமும் ஒழுங்குபடுத்துவதை அவளால் பொறுக்க முடியவில்லை என்பதுதான் உண்மை.

என்னை அழைத்துப் போக ஒரு காய்கறி லோரி வந்திருந்தது. ஓட்டி வந்தவர் டேனியல், பட்டறை நடத்தும் எஸ்தரின் தம்பி. முட்டைக்கோஸ் கூடைகளை இறக்கிவிட்டுத் திரும்புகிற வழியில் என்னை ஏற்றிக்கொண்டார். தோட்டம் இருந்த கோலா தெர்லாவுக்குப் போகும் சாலையில், முதல் நாள் மழைக்கு ஒரு பக்க மலை சரிந்து பாதி ரோட்டில் சேறாகக் கிடந்தது. ஒரு மணி நேரம் லோரி நின்ற இடத்திலேயே நின்றது. அந்த ஒரு மணி நேரத்தில் குடும்பக் கதை முழுவதும் எனக்குத் தெரிந்துவிட்டது.

சாலையின் இரண்டு பக்கமும் படிப்படியாக வெட்டிய சரிவுகள். அடி முதல் உச்சி வரை பிளாஸ்டிக் கூரை. கீழே ஓடுகிற ஆறு பால் அதிகம் விட்ட டீ நிறத்தில் இருந்தது.

"அதுக்குள்ள எல்லாம் பூதாண்ணே," என்றார் டேனியல். "மழை படாது, புழு வராது, வாரத்துக்கு ரெண்டு தடவ மருந்து. எங்க அக்கா மட்டும்தான் வெட்டவெளில புழுவுக்குச் சோறு போட்டுக்கிட்டு இருக்கு."

நிலம் அரசாங்கத்தினுடையது, வருடா வருடம் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். அப்பா இறந்தபின் அந்த லைசென்ஸ் டேனியல் பெயருக்கு வந்திருக்கிறது. உழைப்பு அக்காவுடையது. கோலாலம்பூரில் ரசாயனம் இல்லாத காய்கறி விற்கிற ஒரு கடை, இலையைப் பரிசோதித்துச் சுத்தமாக இருந்தால் வருடம் முழுவதும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. இரண்டு தடவை பரிசோதித்தார்கள். இரண்டு தடவையும் பக்கத்துப் பூத்தோட்டத்திலிருந்து காற்றில் வந்த மருந்தே காட்டிக்கொடுத்துவிட்டது. அதற்கப்புறம் எஸ்தர் எல்லை நெடுக மூங்கிலும் நேப்பியர் புல்லும் வளர்த்து மறைப்புக் கட்டினாள். மூன்றாவது பரிசோதனை எங்கள் பட்டறையின் ஏழாம் நாள்.

"இதுதாண்ணே கடைசி. இதுலயும் பாஸாகலன்னா பூ தவுக்கேகிட்ட விட்டுருவேன்னு அக்காகிட்ட சொல்லிட்டேன். சொல்லாம செய்யல. எனக்கும் மூணு பிள்ளைங்க படிக்குதுங்க லா."

அவர் குரலில் கோபம் இல்லை. சலிப்புத்தான் இருந்தது. தவுக்கே என்றால் இங்கே முதலாளி; பேச்சின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் 'லா' இந்த ஊர் வழக்கு. பக்கத்துப் பூத்தோட்டத்து முதலாளி இந்தச் சரிவின் மேல் கண் வைத்து ரொம்ப நாளாகிறது என்று தெரிந்தது.

எஸ்தருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கரகரத்த குரல், எதையும் இரண்டு தடவை சொல்லாத பழக்கம். கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். நாங்கள் ஒன்பது பேர் படிக்க வந்திருந்தோம். ஆபீஸ் அலுத்துப்போன கோலாலம்பூர்க்காரர்கள் ஐந்து பேர், கியா பார்ம் என்ற பக்கத்து ஊரில் ஸ்ட்ராபெரி போடும் சீன அண்ணன் தம்பி இரண்டு பேர், ஓய்வுபெற்ற மலாய் நர்ஸ் ஒருவர், நான். எஸ்தர் ஒரே வாக்கியத்தை மலாயில் ஆரம்பித்து, ஆங்கிலத்தில் திருப்பி, என் முகத்தைப் பார்த்துத் தமிழில் முடிப்பாள்.

முதல் நாள் சாப்பாடு சோறு, கருவாட்டுச் சம்பல், ஓடைக் கீரையில் வைத்த சூப். சாப்பிடுவதற்கு முன் எஸ்தர் கண்ணை மூடி ஜெபம் செய்தாள். மழை அளவாகப் பெய்ய வேண்டும், ஏழாம் நாள் இலைகளைக் கர்த்தர் காக்க வேண்டும் என்று கேட்டாள். நான் பிள்ளையார்கோயில்காரன்தான், ஆனாலும் ஆமென் சொன்னேன். பசியில் பாதி, மனதோடு பாதி.

இரண்டாம் நாள் முழுவதும் மட்கு உரக் குவியல் போட்டோம். கோழிச்சாணம், காய்ந்த புல், சந்தைக் கழிவு என்று அடுக்கடுக்காக. நம் ஊரில் குப்பைக்குழி வெட்டி இதைத்தான் செய்கிறோம் என்று நான் சொன்னதற்கு, "குழியில போட்டா மூச்சு முட்டும்ணே. மேல போட்டாத்தான் வேகும்" என்றாள். அவள் சொன்னது சரிதான். அறிவியல் வாத்தியாருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

அவளுடைய பாத்திகளைப் பார்த்ததும் எனக்குப் பொறாமை வந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். சரிவுக்குக் குறுக்கே சமமட்டத்தில் ஓடின. மண் கறுத்துப் பொலபொலவென்று இருந்தது, விரலை விட்டால் கணு வரை இறங்கியது. அப்பா விட்டுப்போனபோது இது மஞ்சள் களிமண்ணாம், வெயிலில் ஓடு மாதிரி வெடிக்குமாம். ஆறு வருடம் புல்லையும் சாணத்தையும் சுமந்து சுமந்து அவள் இந்த மண்ணை உண்டாக்கியிருந்தாள்.

மூன்றாம் நாள் கரைசல்கள். மீன் கழிவையும் வெல்லத்தையும் ஊறவைத்த டிரம் ஒன்று, இஞ்சி பூண்டு மிளகாய் அரைத்துக் கரைத்த நீல டிரம் ஒன்று. மூடியைத் திறந்ததும் கோலாலம்பூர்க்காரர்கள் ஓட்டம் பிடித்தார்கள். "ஆகா, நல்ல மருந்து" என்றேன் நான். எஸ்தர் கிளறிக்கொண்டிருந்த கட்டையை நிறுத்தினாள்.

"அண்ணே, இந்தத் தோட்டத்துல இத மருந்துன்னு சொல்றதில்ல. கஞ்சின்னுதான் சொல்வோம். மீன் கஞ்சி, மொளகாக் கஞ்சி."

"எங்க ஊர்ல இயற்கை மருந்துன்னு சொல்லுவோம்மா."

"இங்க மருந்துன்னா ஒன்னுதான்."

பிறகு அதற்குக் காரணம் சொன்னாள், கிளறிக்கொண்டே. அவள் பிறந்தது தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில். அம்மா தோட்டத்தில் மருந்து அடிக்கும் கும்பலில் இருந்தவள். "எங்கம்மா மேல எப்பவும் மருந்து வாசனைதாண்ணே. சின்னதுல நான் கேப்பேனாம், அம்மாகிட்டதான் மருந்தே இருக்கே, அப்புறம் ஏன் அம்மாவுக்கு நோவு வருதுன்னு." கடைசி வருடங்களில் அம்மாவால் மூச்சை இழுத்துப் பேச முடியவில்லை. மருந்தால்தான் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, இல்லை என்றும் எழுதிக் கொடுக்கவில்லை.

நான் அதை நோட்டில் எழுதிக்கொண்டேன். 'கஞ்சி = கரைசல். மருந்து என்று சொல்லக்கூடாது.' அடிக்கோடும் போட்டேன். நியாயமான காரணம்தான் என்று பட்டது. ஆனால் வார்த்தையில் என்ன இருக்கிறது என்றும் உள்ளே ஒரு வாத்தியார் முணுமுணுத்தான்.

நான்காம் நாள் பிற்பகல் ஓய்வு. தோட்டத்தில் அரைநாள் வேலை செய்யும் மாரியப்பன் அண்ணன் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றித் தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். அறுபது தாண்டியவர், ஒல்லி, எஸ்தரின் அம்மாவோடு அதே கும்பலில் முப்பது வருடம் இருந்தவர். இங்கே அரைநாள், பக்கத்துப் பூத்தோட்டத்தில் அரைநாள். நான் எப்போதும் நோட்டும் பேனாவுமாக இருப்பதைப் பார்த்து எனக்குக் கிராணி என்று பெயர் வைத்துவிட்டார். தோட்டத்தில் பேர் எழுதுகிற குமாஸ்தாவுக்கு அந்தக் காலத்துப் பட்டம் அது.

தேயிலை மலையைப் படத்தில் பார்த்தால் பச்சைக் கம்பளம். சுற்றுலாக்காரர்கள் மேலே நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாரியப்பன் என்னைக் கீழே, செடிகளுக்கு நடுவே கூட்டிப் போனார். செடிக்கு அடியில் ஒரு புல் இல்லை. தரை மொட்டையாக, பாசி பிடித்துக் கிடந்தது.

"இந்த மொட்டைதான் கிராணி நாங்க பண்ணது," என்றார். சொன்னதில் ஒரு தொழிற்காரனின் பெருமையும் இருந்தது. "முதுகுல பம்பு. கங்காணி கையக் காட்டுனா அந்த நெரைல எறங்கணும். ஏன் எதுக்குன்னு கேட்டா அன்னிக்கு வேல இல்ல. கிராணி பேரு போடமாட்டாரு."

"முகத்துக்கு ஒண்ணும் கட்டமாட்டீங்களாண்ணே?"

"குடுப்பாங்க. கட்டுனா மூச்சு வாங்கும், மேட்டுல ஏற முடியாது."

அவருடைய விரல் நகங்கள் எல்லாம் மஞ்சளாக, விளிம்பு நொறுங்கி இருந்தன. திரும்பும் வழியில் ரொட்டி சானாயும் டீயும் வாங்கிக் கொடுத்தேன். நம் பரோட்டாவின் மெலிந்த அண்ணன் அது, பருப்புக் கறியோடு நன்றாகவே இருந்தது. அவர் ரொட்டியைப் பிய்த்தபோது அந்த நகங்களைப் பார்க்காமல் இருக்க நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அன்று எஸ்தர் மற்ற எட்டுப் பேரையும் கூட்டிக்கொண்டு வேறொரு தோட்டத்தில் தண்ணீர் சேகரிப்பதைக் காட்டப் போனாள். சேற்றில் வழுக்கி முழங்கால் பிசகியிருந்ததால் நான் மட்டும் இருந்தேன். கிளம்பும்போது, "தோட்டத்தப் பாத்துக்குங்கண்ணே" என்றாள். வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிற சாதாரணப் பேச்சு அது.

எனக்குத்தான் சும்மா இருக்க வராதே. குச்சியை ஊன்றிக்கொண்டு பாத்திகளைச் சுற்றி வந்தேன். மேல் வரிசையில் நாலு பாத்தி முட்டைக்கோஸில் இலைகள் சல்லடையாக இருந்தன. புரட்டிப் பார்த்தால் பச்சைப் புழு. இரண்டு நாளில் இலை எடுக்க வரப்போகிறார்கள், இந்த அம்மா ஊர்வலம் போயிருக்கிறாளே என்று பதறினேன். மிளகாய்க் கரைசல் நீல டிரம்மில் தயாராக இருந்தது. மாரியப்பன் அண்ணன் கீழே களை எடுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மேல நாலு பாத்தியில புழு விழுந்திருக்கு. மருந்து அடிச்சு விட்டுருங்க," என்றேன்.

அவர் நிமிர்ந்தார். "மருந்தா?"

"ஆமாண்ணே, இப்பவே அடிச்சாத்தான் நிக்கும்."

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டார். "பாப்பா சொல்லிட்டுப் போச்சா?" எஸ்தரைப் பிறந்ததிலிருந்து தெரிந்தவர், அவருக்கு அவள் இன்னும் பாப்பாதான்.

அந்த இடத்தில் நான் ஒரு சின்னப் பொய் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் பெயரைச் சொல்லிக் காரியம் சாதித்த பழக்கம். "அவங்க சொல்லித்தான் சொல்றேன்."

"சரி கிராணி," என்றார் அவர். மண்வெட்டியை வைத்துவிட்டுப் போனார். எந்தப் பக்கம் போகிறார் என்று நான் பார்க்கவில்லை. நல்ல காரியம் செய்த திருப்தியில் உள்ளே போய் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தேன்.

வாசனைதான் என்னை எழுப்பியது. மிளகாயும் பூண்டும் இல்லை. ஒட்டன்சத்திரத்தில் காலிஃபிளவர்க் காட்டைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொள்வோமே, அந்த வாசனை. இது பக்கத்துத் தோட்டத்திலிருந்து வருகிறது என்று ஒரு நிமிடம் என்னை ஏமாற்றிக்கொண்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மேல் வரிசையில் மாரியப்பன் முதுகில் பம்போடு பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தார், முப்பது வருடப் பழக்கத்தில், ஒரு செடி விடாமல். நாலாவது பாத்தி முடியப் போகிறது. நீல டிரம்மின் மூடி திறக்கவே இல்லை.

நொண்டிக்கொண்டே ஓடினேன். நிறுத்துங்கள் என்று கத்தினேன். அவர் நிறுத்தினார். இந்தத் தோட்டத்தில் மருந்து கிடையாது என்பதால், பூத்தோட்டத்துக் கிடங்கில் பம்பில் கலந்து எடுத்து வந்திருக்கிறார்.

"நீங்கதான கிராணி மருந்துன்னு சொன்னீங்க," என்றார். "நான் ரெண்டு தடவ கேட்டேன். பாப்பாவும் எத்தன நாளுதான் தாங்கும், கடைசில மனசு மாறிடுச்சி போலன்னு நெனச்சேன்."

அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. நான் பேசியது தமிழ், அவர் கேட்டதும் தமிழ். மூன்றாம் நாள் அடிக்கோடு போட்டு எழுதியதை ஐந்தாம் நாள் என் நாக்கு மறந்துவிட்டது, அவ்வளவுதான். வேறு மொழி பேசுகிறவனாக இருந்து டிரம்மைக் கையால் காட்டியிருந்தால் இது நடந்திருக்காது. நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே நின்றோம். காற்று சரிவில் கீழே இறங்கிக்கொண்டிருந்தது, மற்றப் பாத்திகளின் மேலே.

எஸ்தர் வேனைவிட்டு இறங்கும்போதே முகத்தைத் தூக்கி மோந்தாள். நேராக மேல் வரிசைக்கு வந்தாள். யார் என்று கேட்டாள். மாரியப்பன் தரையைப் பார்த்தார், என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் சொன்னேன். வார்த்தையையும் சொன்னேன், பொய்யையும் சொன்னேன்.

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். முதலில் மாரியப்பனிடம்தான் திரும்பினாள். "குளிச்சியா மாமா? சட்டையக் கழட்டு. சோப்புப் போட்டு ரெண்டு தடவ குளி." அவருடைய சட்டையைக் குச்சியால் எடுத்துப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினாள். முடிச்சு மூன்றாவது தடவைதான் விழுந்தது. அன்று சாயங்காலம் சோற்றுக்கு முன் எப்போதும் போல ஜெபம் செய்தாள். இலைகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு முதலில் பரிமாறினாள்.

மறுநாள் காலையில் அவளிடம் போய் ஒரு யோசனை சொன்னேன். நாலு பாத்தியையும் வேரோடு பிடுங்கிவிடலாம். கீழ்க்கோடியில், மூங்கில் ஓரத்துப் பாத்தியிலிருந்து இலை கொடுக்கலாம். அங்கே அவ்வளவு எட்டியிருக்காது. எங்கள் ஒன்பது பேரையும் மாரியப்பன் அண்ணனையும் தவிர யாருக்கும் தெரியாது, யாரும் வாயைத் திறக்கமாட்டோம்.

"நானும் ராத்திரி பூரா அதத்தாண்ணே யோசிச்சேன்," என்றாள். அவள் கண் வீங்கியிருந்தது. "ஒரு பாத்தில இல்லாம இருக்கலாம். டெஸ்ட்ல பாஸாகவும் செய்யலாம். அப்புறம் மத்தப் பாத்திலருந்து வெட்டி அனுப்பறத யாரு சாப்புடுவா? மருந்தில்லன்னு நம்பி வாங்கிப் பிள்ளைக்குக் குடுக்கறவ சாப்புடுவா."

"ஒரே ஒரு தடவதானம்மா."

"எங்கம்மாவும் ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு தடவதான் அடிச்சாங்க."

அன்று பகல் முழுவதும் நாங்கள் எல்லோரும் அந்த நாலு பாத்தி முட்டைக்கோஸைப் பிடுங்கினோம். பாடத்திட்டத்தில் அது இல்லை. முற்றி உருண்ட கோஸ்கள். எதையும் தின்ன முடியாது, உரக் குவியலிலும் போட முடியாது. தனியாக ஒரு குழி வெட்டிப் புதைத்தோம். சீன அண்ணன் தம்பி இரண்டு பேரும் தங்களுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டார்கள். என்னவென்று சீன மொழி தெரிந்த மலாய் நர்ஸைக் கேட்டேன். "எங்கள் அப்பாவின் மண்ணை நாங்கள் இப்படிப் பார்த்துக்கொள்ளவில்லை என்கிறார்கள்" என்றார்.

ஏழாம் நாள் இலை எடுக்க வந்தவள் சின்னப் பெண், மலாய்க்காரி, கையுறை, பனிப்பெட்டி எல்லாமாக வந்திருந்தாள். எஸ்தர் அவளை வீட்டுக்குள் கூப்பிடவில்லை. நேராகக் காலிப் பாத்திகளுக்கு முன் கொண்டுபோய் நிறுத்தி, நடந்ததைச் சொன்னாள். யார் செய்தது என்று சொல்லவில்லை, 'நாங்கள்' என்றுதான் சொன்னாள். அந்தப் பெண் திறந்த பெட்டியை மூடினாள். பிறகு மெதுவாகப் பேசினாள். எஸ்தர் எனக்குத் தமிழில் சொன்னாள்: "மருந்து படாத நாள மறுபடி மொதல்லேர்ந்து எண்ணணுமாம். ரொம்ப வருத்தமா இருக்குன்னு சொல்றா. இத்தன தோட்டத்துக்குப் போறா, யாரும் இப்புடி வாசல்லயே சொன்னதில்லயாம்."

அந்தப் பெண் போகும்போது எஸ்தரின் கையைத் தொட்டுவிட்டுத் தன் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். இங்கத்து மரியாதை அது. அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

எஸ்தரே தம்பிக்குப் போன் பண்ணினாள். டேனியல் லோரியிலேயே வந்தார். நான் அவரிடம் போய், தப்பு என்னுடையது, உங்கள் அக்காவுடையது இல்லை, இன்னும் ஒரு வருடம் கொடுங்கள் என்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன். வாழ்நாளில் நான் அப்படிக் கெஞ்சியதில்லை. அவர் கையை உதறவில்லை.

"நான் அக்கா மேல தப்பு சொல்லலண்ணே. காத்து தப்பா, புல்லு தப்பா, நீங்க தப்பா, ஒவ்வொரு தடவையும் ஒரு தப்பு வருது. இந்த எடம் சுத்தமா இருக்க விடாது லா. நான் தவுக்கேகிட்ட வாக்குக் குடுத்துட்டேன்."

எஸ்தர் தம்பிக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

எட்டாம் நாள் காலையில் பூத்தோட்டத்து ஆட்கள் இரண்டு பேர் அளவு நாடாவோடு வந்துவிட்டார்கள். பூவுக்கு இந்த மண் வேண்டாம். இயந்திரம் கொண்டு சரிவை வெட்டிச் சமமாக்கி, தரையில் பிளாஸ்டிக் விரித்து, தேங்காய் நார் நிரப்பிய பைகளில்தான் செடி வைப்பார்கள். மேல் மண்ணை ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். முதல் பெருமழையில் அது ஆற்றுக்குப் போகும்.

எங்களுக்குக் கொடுத்திருந்த தாளில் அன்றைய பாடம் 'உங்கள் தோட்டத்தைத் திட்டமிடுதல்' என்று இருந்தது. எஸ்தர் எல்லோர் கையிலும் ஒரு காலி அரிசிச் சாக்கைக் கொடுத்தாள். கீழ்க்கோடிப் பாத்திகளுக்குக் கூட்டிப் போனாள்.

"இதுல மருந்து படலன்னு நெனைக்கிறேன். நிச்சயமா சொல்ல முடியாது," என்று மூன்று மொழியிலும் சொன்னாள். "புதுக் குவியலுக்கு நடுவுல ரெண்டு பிடி போடுங்க. மிச்சத்த அதுவே செஞ்சிக்கும்."

நான் சாக்குகளின் வாயைப் பிடித்துக்கொண்டேன். அவள் மண்வெட்டியால் அள்ளி அள்ளிப் போட்டாள். மண்புழுக்கள் நெளிந்துகொண்டு விழுந்தன. நாடாவோடு நின்றவர்கள் சிகரெட்டை அணைத்துவிட்டு, இவள் முடிக்கட்டும் என்று தள்ளிப்போய் உட்கார்ந்தார்கள். கோலாலம்பூர்க்காரர்களில் ஒரு பெண் சத்தமாகவே அழுதாள். எஸ்தர் அழவில்லை, அளவு குறையாமல் எல்லோருக்கும் ஒரே மாதிரி போடுவதிலேயே கவனமாக இருந்தாள். எட்டுச் சாக்கு நிரம்பிவிட்டது.

"அண்ணே, உங்க சாக்கு?"

"பிளேன்ல மண்ணு விடமாட்டாங்கம்மா."

"ஆமா லா. மறந்தே போச்சி."

என் சாக்கிலும் நிரப்பினாள். தூரத்தில் வேலியோரமாக நின்றுகொண்டிருந்த மாரியப்பனைக் கூப்பிட்டாள். ஐந்தாம் நாளுக்கப்புறம் அவர் பாத்திக்குள் கால் வைக்கவே இல்லை. தயங்கித் தயங்கி வந்தார்.

"எனக்கு எதுக்கு பாப்பா? நான் இருக்கறது கடைக்கு மேல ஒரு ரூம்பு. மண்ண எங்க போய்க் கொட்டறது?"

"வச்சிரு மாமா. ஒரு டின்னுல போட்டு எதாச்சும் நடு."

நானும் எஸ்தரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவர் தோளில் ஏற்றிவிட்டோம். அவர் போகாமல் நின்றார். சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது, அதை என் எதிரே சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"திங்கக்கெழமலேர்ந்து தவுக்கே முழுநாள் வரச் சொல்லிட்டாரு பாப்பா. இந்தச் சரிவுக்குத்தான். பழைய வேலதான்."

எஸ்தர் அவர் தோளில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

"முகத்துக்குத் துணி கட்டிக்க மாமா," என்றாள். "மூச்சு வாங்குனா நின்னு நின்னு ஏறு. யாரு என்ன சொன்னாலும் நின்னு ஏறு."

அவர் சரி என்று தலையாட்டிவிட்டு, சாக்கைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கிப் போனார்.